செஞ்சு காட்டுங்க! – திரைப்பதிவும் சாஃப்ட்வேர் சோதனைக் குறிப்பும்

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)



சென்னையிலிருந்து கடம்பத்தூருக்கு முதல் முறையாக வரும் விருந்தாளிக்கு நாம் எப்படி வழி சொல்வோம்? "சென்ட்ரல்ல லோக்கல் ட்ரெயின் ஏறி வந்துடுங்க" என்றால் போதுமா? போதாது! லோக்கல் ட்ரெயின் கும்மிடிப்பூண்டிக்கும் போகிறது, அரக்கோணத்துக்கும் போகிறது. ஆகவே இப்படிச் சொல்வோம்: "எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற அரக்கோணம் லோக்கல்ல ஏறுங்க. திருவள்ளூர் தாண்டினா ஏகாட்டூர். அப்பவே எழுந்து வாசல் பக்கம் வந்துடுங்க. அடுத்தது கடம்பத்தூர். செஞ்சிப் பனம்பாக்கம்னு போர்டு தெரிஞ்சா, ஒரு ஸ்டேஷன் விட்டுட்டீங்கன்னு அர்த்தம்."

இந்தப் பேச்சில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. எங்கே தொடங்க வேண்டும், வரிசையாக என்ன செய்ய வேண்டும், சரியாக நடந்தால் என்ன தெரியும், தவறினால் என்ன தெரியும். ஒரு சாஃப்ட்வேரைச் சோதிப்பதற்கான குறிப்பும் இந்த நான்கைத்தான் சொல்ல வேண்டும். படிக்காதவர்கூட அழகாகச் சொல்லும் இந்த வழியை, மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்த நாம் ஒரு புரோகிராம் விஷயத்தில் சொல்லத் திணறுகிறோம். "சார், வொர்க் ஆகல சார்!" – இவ்வளவுதான் நம் வாயிலிருந்து வருகிறது. எது வொர்க் ஆகவில்லை, எந்த இடத்தில், எதைச் செய்தபோது? மௌனம்!

இந்த மௌனத்தைப் போக்க ஒரு நல்ல கருவி இருக்கிறது. அதுதான் திரைப்பதிவு. கம்ப்யூட்டர் திரையில் நடப்பதை அப்படியே வீடியோவாகப் பிடித்து, கூடவே நம் குரலையும் சேர்த்து வைப்பது. 1990-களிலேயே லோட்டஸ் நிறுவனத்தின் ஸ்கிரீன்கேம் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்தன. 2004-ல் ஜான் உடெல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் தம் வாசகர்களிடம் பெயர் கேட்டு, 'ஸ்கிரீன்காஸ்ட்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று நம் கையில் இருக்கும் போனிலேயே இந்த வசதி இருக்கிறது. ஆனால் அதை உபயோகமாகப் பயன்படுத்துவது எப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஓர் எடைமேடைக் கதை

நம் பக்கத்துக்குப் பொருத்தமான ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து கொள்வோம். காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் கம்பெனி வாசலில் லாரி எடை போடும் எடைமேடையைப் பார்த்திருப்பீர்கள். லோடோடு உள்ள மொத்த எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழித்தால் சரக்கின் நிகர எடை வரும். வண்டி எண்ணை அடித்தால், ஏற்கெனவே பதிந்து வைத்த காலி எடையைப் புரோகிராமே எடுத்துக் கொள்ளும் என்று வைத்துக் கொள்வோம்.

ஆபரேட்டர் ஒரு வண்டியின் எண்ணை அடிக்கிறார். அதன் காலி எடை 7,980 கிலோ என்று வருகிறது. மொத்த எடை 24,860 கிலோ. உடனே, 'அடடா, இது வேற வண்டியாச்சே' என்று வண்டி எண்ணை மாற்றுகிறார். புதிய வண்டியின் காலி எடை 9,240 கிலோ. மாற்றிய கையோடு எஃப்10 விசையைத் தட்டிச் சேமிக்கிறார். நிகர எடை 15,620 கிலோ என்று வர வேண்டும். பில்லில் வந்ததோ 16,880! பழைய வண்டியின் காலி எடையையே புரோகிராம் கழித்திருக்கிறது. வித்தியாசம் 1,260 கிலோ. இரும்புக் கம்பி லோடாக இருந்தால் யாரோ ஒருவர் தலையில் அந்தப் பணம் விழும். பெரும்பாலும் அது ஆபரேட்டர் தலைதான்!

அவர் கம்பெனிக்குப் போன் போட்டு, "நம்பரை மாத்திட்டு சேவ் பண்ணேன், தப்பா வருது" என்கிறார். புரோகிராமர் தன் இடத்தில் செய்து பார்க்கிறார். நம்பரை மாற்றுகிறார், மவுஸால் 'சேமி' பட்டனை அழுத்துகிறார். சரியாகவே வருகிறது. "என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது!" என்று பதில் வருகிறது.

இருவருமே பொய் சொல்லவில்லை. மவுஸால் பட்டனைத் தொட்டால் கர்சர் வண்டி எண் கட்டத்தை விட்டு வெளியே போகிறது. வெளியே போகும்போதுதான் புதிய காலி எடையை எடுத்து வரும்படி புரோகிராம் எழுதப்பட்டிருக்கிறது. எஃப்10 தட்டினால் கர்சர் அதே கட்டத்தில் நிற்கிறது, ஆகவே பழைய எடை மாறவே இல்லை. ஆபரேட்டர் சொன்ன வாக்கியத்தில் 'எஃப்10' என்ற ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தையில்தான் முழு விஷயமும் இருக்கிறது!

எழுத்தில் வராதது

இது சின்னக் கற்பனை. நிஜத்தில் நடந்தது மிகக் கொடுமையானது. கனடாவின் ஏ.இ.சி.எல். நிறுவனம் தயாரித்த தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்துவிட்டது. அவற்றில் இரண்டு சம்பவங்கள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகர மருத்துவமனையில், 1986 மார்ச்சிலும் ஏப்ரலிலும் நடந்தன. அந்த இரு நோயாளிகளும் பின்னர் இறந்து போனார்கள்.

திரையில் வந்ததெல்லாம் 'மால்ஃபங்ஷன் 54' என்ற ஒரு வரிதான். முதல் சம்பவத்துக்குப் பின் நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். பிழை வரவே இல்லை. இயந்திரம் மீண்டும் வேலைக்கு வந்தது. அடுத்த நோயாளியும் பாதிக்கப்பட்டார்.

அதன் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், இயந்திரத்தை இயக்கிய ஊழியரை உட்கார வைத்து, அன்று செய்ததைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். எக்ஸ்-ரே என்பதற்கான 'எக்ஸ்' எழுத்தைத் தவறுதலாக அடித்து, உடனே மேலே போய் எலக்ட்ரான் என்பதற்கான 'இ' என்று திருத்தி, வேகமாக எண்டர் தட்டினால் பிழை வந்தது! இயந்திரத்தின் காந்தங்கள் சரியாக அமைய சுமார் 8 விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் செய்து முடிக்கும் திருத்தத்தைப் புரோகிராம் கவனிக்கவில்லை. நிதானமாக அடித்தால் எல்லாம் சரியாக இருந்தது. பழகிய கை வேகமாக அடித்தால்தான் ஆபத்து. விஷயத்தைத் தெரிவித்த பிறகும் நிறுவனத்தாரால் முதலில் பிழையை வரவழைக்க முடியவில்லை. 'வேகமாக அடிக்க வேண்டும்' என்று சொன்ன பிறகே வந்தது.

"எக்ஸை இ-யாக மாற்று, எண்டர் தட்டு" என்று எழுதினால் அது பிழையில்லாத குறிப்புதான். ஆனால் வேகம் அதில் இல்லை. எத்தனை விநாடி, எங்கே தயங்கினார், எந்தப் பெட்டி கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து மறைந்தது என்பதெல்லாம் எழுதும்போது நழுவிவிடும். செய்கிறவருக்கு அது பழக்கம், அதனால் சொல்லத் தோன்றாது. திரைப்பதிவு அந்த நேரக் கணக்கை நழுவ விடாமல் பிடித்து வைக்கிறது. அதன் முதல் பெருமை இதுதான்.

காட்சியில் வராதது

"அப்படின்னா எழுதவே வேண்டாம், வீடியோ எடுத்து அனுப்பிட்டாப் போதும்" என்று சிலர் குதிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்!

எடைமேடை உதாரணத்தையே வீடியோவாக எடுங்கள். ஆபரேட்டர் எஃப்10 தட்டியது திரையில் தெரியுமா? தெரியாது! விசைப்பலகை திரைக்கு வெளியே இருக்கிறது. மவுஸ் அசையாமல் நிற்க, பில் மட்டும் சேமிக்கப்பட்டதாகத் தெரியும். கூர்ந்து பார்க்கிறவருக்கு அது ஒரு தடயம், மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது.

இரண்டாவது, 16,880 என்ற எண் தவறு என்பது வீடியோவைப் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? 15,620 வர வேண்டும் என்று நாம் சொன்னால்தான் தெரியும். வீடியோ நடந்ததைக் காட்டும். நடந்திருக்க வேண்டியதைக் காட்டாது.

மூன்றாவது, வீடியோவுக்குள் ஒரு வார்த்தையைத் தேட முடியாது. நான்காவது, அடுத்த பதிப்பில் ஒரு பட்டன் இடம் மாறினால் எழுத்தில் ஒரு வரியைத் திருத்தலாம். வீடியோவை மறுபடி எடுக்க வேண்டும்.

ஆகவே, காலத்தைக் காட்சி பிடிக்கட்டும், காரணத்தை எழுத்து சொல்லட்டும். இரண்டும் ஒரே எண் வரிசையில் கைகோத்து வர வேண்டும். சோதனைக் குறிப்பின் சூட்சுமம் இதுதான்.

மும்பை ஐ.ஐ.டி. காட்டிய வழி

இதை நம் நாட்டிலேயே பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினீயரிங் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம்தான் அது. மத்திய அரசு 2009-ல் தொடங்கிய தேசியக் கல்வி இயக்கத்தின் நிதியுதவியில் வளர்ந்தது. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், சை-லேப் போன்ற இலவச மென்பொருள்களைச் சுமார் பத்து நிமிடத் திரைப்பதிவுகளில் சொல்லித் தருகிறார்கள். தமிழ் உள்பட இந்திய மொழிகளில் குரல் மாற்றியும் தருகிறார்கள்.

அவை பாடம் நடத்துவதற்கான வீடியோக்கள், சோதனைக்காக எடுத்தவை அல்ல. ஆனாலும் அவர்கள் வேலை செய்யும் முறையில் நமக்கு நான்கு பாடங்கள் உண்டு.

முதலாவது, பதிவு பட்டனைத் தொடும் முன்பே எழுதிவிடுகிறார்கள். தாளில் இரண்டு பத்தி. ஒன்றில் திரையில் காட்ட வேண்டியது, மற்றதில் வாயால் சொல்ல வேண்டியது.

இரண்டாவது, எந்த இயங்குதளம், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

மூன்றாவது, விஷயம் தெரியாத ஒரு புதியவரிடம் எழுதியதைக் கொடுத்து, அவரால் செய்ய முடிகிறதா என்று பார்க்கிறார்கள்.

நான்காவது, கற்கிறவர் திரையின் ஒரு பக்கம் வீடியோவையும் மறுபக்கம் மென்பொருளையும் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் செய்கிறார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை உணர்ந்தவர்கள் போலும்!

எதில் பதிவு செய்வது?

காசு செலவு செய்ய வேண்டியதே இல்லை.

விண்டோஸ் 10, 11-ல் விண்டோஸ் விசை, ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கேம் பார் பதிவைத் தொடங்கும். அது ஒரு புரோகிராமின் ஜன்னலை மட்டுமே பிடிக்கும், முழு டெஸ்க்டாப்பைப் பிடிக்காது. விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலிலும் திரைப்பதிவு வசதி உண்டு. க்னோம் 42 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள லினக்ஸில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் இடத்திலேயே வீடியோ பட்டனும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலேயே இந்த வசதி வந்துவிட்டது. அதில் 'தொடுவதைக் காட்டு' என்பதைப் போட்டுவிட்டால் விரல் பட்ட இடமும் தெரியும். லேப்டாப் இல்லாத நண்பர்கள் போன் ஆப்களைச் சோதித்தே இதைப் பழகலாம்.

கொஞ்சம் விரிவாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஓ.பி.எஸ். ஸ்டூடியோ இருக்கிறது. 2012-ல் வெளிவந்த இலவச, திறந்த மூல மென்பொருள். அதில் எம்.கே.வி. வகைக் கோப்பாகப் பதிவது நல்லது. சாதாரண எம்.பி.4 கோப்பு, பாதியில் கரண்ட் போனால் திறக்காமலே போய்விடலாம். எம்.கே.வி.யில் அதுவரை பதிந்தது மிஞ்சும். பிறகு அதற்குள்ளேயே எம்.பி.4 ஆக மாற்றிக் கொள்ளலாம்.

விண்டோஸ் 7-ல் வந்த 'ஸ்டெப்ஸ் ரெகார்டர்' ஒவ்வொரு கிளிக்கையும் படமும் வரியுமாகத் தானே தொகுத்துத் தந்தது. நல்ல கருவி. ஆனால் அதைக் கைவிடப் போவதாக 2023-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. புதிதாக அதை நம்பி இறங்க வேண்டாம்.

செய்முறை

1. முதலில் தாளில் எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரே ஒரு செயல். "எண்ணை மாற்றிச் சேமி" என்பது ஒரு வரி அல்ல, இரண்டு வரி! பக்கத்தில் எதிர்பார்க்கும் விளைவை எழுதுங்கள். எடைமேடைக்கு இப்படி வரும்:

தொடக்கம்: புதிய பில் திரை, எல்லாக் கட்டமும் காலி.
படி 1: முதல் வண்டியின் எண்ணை அடித்து டேப் தட்டு. (காலி எடை 7,980 வர வேண்டும்.)
படி 2: மொத்த எடை 24,860 அடி.
படி 3: வண்டி எண் கட்டத்துக்குத் திரும்பி, இரண்டாம் வண்டியின் எண்ணாக மாற்று. டேப் தட்டாதே.
படி 4: எஃப்10 தட்டு. (காலி எடை 9,240, நிகர எடை 15,620 வர வேண்டும்.)
கிடைத்தது: காலி எடை 7,980, நிகர எடை 16,880.

2. தொடக்க நிலைக்குக் கொண்டு வாருங்கள். புரோகிராமை மூடித் திறங்கள். முன்பு அடித்த விவரம் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

3. எழுத்தைப் பெரிதாக்குங்கள். பார்க்கிறவர் சின்னப் போனில் பார்க்கக்கூடும்.

4. பதிவைத் தொடங்கியதும் முதலில் புரோகிராமின் பதிப்பு எண்ணைத் திரையில் காட்டி, தேதியையும் சொல்லுங்கள்.

5. "படி ஒன்று... படி இரண்டு..." என்று எண்ணைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். தாளில் உள்ள எண்ணும் வாயில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தட்டும் விசையின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். வேகம் முக்கியமான பிழை என்றால் ஒருமுறை பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்யுங்கள், மறுமுறை நிதானமாக விளக்கிச் செய்யுங்கள்.

6. முடிவு வந்ததும் உடனே நிறுத்தாதீர்கள். ஐந்து விநாடி அப்படியே விட்டு, எது வந்தது, எது வர வேண்டும் என்று சொல்லுங்கள்.

7. இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். விநாடிக்கு 1,000 கிலோபிட் வீதம் பதிந்தால் ஒரு நிமிடம் சுமார் 7.5 எம்.பி., இரண்டு நிமிடம் 15 எம்.பி. அனுப்பவும் சுலபம், பார்க்கவும் பொறுமை இருக்கும். ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு பிழை.

8. கடைசியாக, இந்தப் புரோகிராமையே பார்த்திராத ஒரு நண்பரிடம் தாளையும் வீடியோவையும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். இதுதான் கஷ்டம்! "அது இல்லடா, இதை அழுத்து" என்று சொல்லத் துடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் உங்கள் குறிப்பில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். குறித்துக் கொண்டு திருத்துங்கள்.

ஜாக்கிரதை!

திரைப்பதிவு நாம் காட்ட நினைப்பதை மட்டும் பிடிப்பதில்லை, திரையில் உள்ள எல்லாவற்றையும் பிடிக்கும். வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், ஆதார் எண், நடுவில் எட்டிப் பார்க்கும் வாட்ஸ்அப் செய்தி எல்லாமே வீடியோவில் போய்விடும். அடுத்தவர் விவரங்களைக் கையாள்வதற்கு இந்தியாவில் 2023-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. ஆகவே எப்போதும் கற்பனைப் பெயர், கற்பனை எண்களைக் கொண்டே சோதியுங்கள். அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு அடித்து உள்ளே போன பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

பயிற்சிக்காகக் கம்பெனிக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல இடங்களில் உள்ளே போனையே அனுமதிப்பதில்லை. அங்குள்ள திரையை மேலதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் பதியாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் வேலைக்கே வினையாகிவிடும்.

நமக்கு என்ன லாபம்?

நம்மில் பலர் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள். பிழை கண்ணுக்குத் தெரிகிறது, காரணமும் ஓரளவு புரிகிறது. ஆனால் இங்கிலீஷில் நாலு வரி எழுதப் பயந்து சும்மா இருந்துவிடுகிறோம். கண்டுபிடித்தவன் வாயை மூடிக்கொள்ள, பிழை அப்படியே தங்கிவிடுகிறது. இது இங்கிலீஷ் பிரச்சினை என்று நினைக்கிறோம். பாதி உண்மைதான். மீதிப் பாதி, படிப்படியாகச் சொல்லும் பழக்கம் இல்லாதது.

திரைப்பதிவு இந்த இடத்தில் ஒரு ஊன்றுகோல். முதலில் தமிழில் பேசிப் பதியுங்கள். பிறகு அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு படியையும் ஒரு சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக எழுதுங்கள். 'திற', 'அடி', 'அழுத்து', 'சேமி', 'காட்டுகிறது', 'காட்ட வேண்டும்' – இந்த ஆறேழு வினைச்சொற்களுக்கு இங்கிலீஷ் தெரிந்தால் சோதனைக் குறிப்பில் பெரும்பகுதி எழுதிவிடலாம். இன்டர்வியூவில் "ஒரு பிழையை எப்படித் தெரிவிப்பாய்?" என்று கேட்டால் தைரியமாகப் பதில் சொல்ல இந்தப் பழக்கம் கைகொடுக்கும். கம்ப்யூட்டர் பிரிவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு சி.என்.சி. திரை இருக்கிறது, எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு பி.எல்.சி. சாஃப்ட்வேர் இருக்கிறது. எல்லா இடத்திலும் "வொர்க் ஆகல" என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை, "இதைச் செய்தால் இது வருகிறது, வர வேண்டியது அது" என்பதற்கே மதிப்பு.

ஒரு யோசனையோடு முடிக்கிறேன். இறுதியாண்டில் ஒவ்வொரு குழுவும் ராப்பகலாக உழைத்து ஒரு புராஜெக்ட் செய்கிறோம். வைவா முடிந்ததும் ரெக்கார்டு பைண்டிங் ஆகி அலமாரிக்குப் போய்விடுகிறது. அதை எப்படி ஓட்டுவது என்பது செய்தவர்களோடு போய்விடுகிறது. அடுத்த வருஷம் ஜூனியர்கள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இந்த முறை ரெக்கார்டோடு ஐந்து சோதனைக் குறிப்புகளையும், ஆளுக்கு இரண்டு நிமிடம் போகும் ஐந்து திரைப்பதிவுகளையும் சேர்த்துக் கொடுப்போம். வைவாவுக்கு முன்பே ஒரு இரண்டாமாண்டு மாணவரிடம் கொடுத்து, நம் உதவி இல்லாமல் அவரால் ஓட்ட முடிகிறதா என்று பார்ப்போம். அவர் ஓட்டிவிட்டால் நம் வேலை முடிந்தது. ஓட்ட முடியாவிட்டால், எக்ஸாமினர் கண்டுபிடிக்கும் முன்பே ஓட்டை நமக்குத் தெரிந்துவிடும். எப்படியும் லாபம் நமக்குத்தானே நண்பர்களே!